ஃபேன் வைத்த ஃப்ளைட்டில் போகிறீர்களா? சீட், பெட்டி, சத்தம் பற்றி ஒரு வழிகாட்டி

சென்னையிலிருந்து சேலத்துக்கோ தூத்துக்குடிக்கோ டிக்கெட் போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு, பஸ் விமானத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும்போதுதான் இறக்கையில் காற்றாடி இருப்பதே தெரியவரும். "இதுலயா போறோம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கட்டாயம் கேட்கும். அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏடிஆர் 72 என்ற அந்த விமானம், அப்புறம் பெரிய ரூட்டுகளில் ஓடும் பழைய ஏ320 ஜெட், இந்த இரண்டையும் பற்றித்தான் பேசப்போகிறேன். பழைய மாடல் விமானத்தில் போவதால் பயணிக்கு வரும் தொல்லை கிட்டத்தட்ட எல்லாமே வசதி சம்பந்தப்பட்டவை. அதில் முக்கால்வாசியை டிக்கெட் போடும் நேரத்திலேயே தவிர்த்துவிடலாம்.

எந்த விமானம் என்று முதலில் பாருங்கள்

டிக்கெட் போடும் பக்கத்தில், புறப்படும் நேரம் வந்து சேரும் நேரத்துக்குக் கீழே பொடி எழுத்தில் விமான வகை போட்டிருக்கும். ஏடிஆர் என்றோ, ஏ320, ஏ321 என்றோ இருக்கும். சில தளங்களில் 'விவரங்கள்' என்பதைத் தட்டினால்தான் தெரியும். இண்டிகோவில் 7000-த்தில் தொடங்கும் ஃப்ளைட் எண் என்றால் பெரும்பாலும் ஏடிஆர்தான். அலையன்ஸ் ஏர் என்றால் ஏறக்குறைய எப்போதுமே ஏடிஆர். பயண நேரத்தை வைத்தும் கண்டுபிடிக்கலாம். ஏடிஆரின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர், ஜெட் 800-க்கு மேல் போகும். அதனால் ஒரே ஊருக்கு இரண்டு ஃப்ளைட் இருந்து, ஒன்று மட்டும் இருபது நிமிஷம் கூடுதலாகக் காட்டினால் அது காற்றாடிக்காரர்தான்.

சின்ன ஊர்களுக்கு ஏன் இதையே அனுப்புகிறார்கள் என்று பலருக்கு ஒரு மனக்குறை உண்டு, நம்ம ஊர்க்காரர்களை மட்டம் தட்டுகிறார்கள் என்று. அப்படியெல்லாம் இல்லை. தூத்துக்குடி வாகைக்குளத்தில் ரன்வே நீட்டிப்பதற்கு முன் 1,350 மீட்டர்தான் இருந்தது. அந்த நீளத்தில் ஏ320-ஐ நிறைய ஆட்களோடு இறக்கி ஏற்றுவது நடக்காத காரியம், ஏடிஆருக்கு அது போதும். இன்னொரு காரணம் காசு. நம் நாட்டில் 80 சீட்டுக்குக் குறைவான உள்நாட்டு விமானங்களுக்கு லேண்டிங் கட்டணம் கிடையாது. இண்டிகோ ஏடிஆரில் எத்தனை சீட் தெரியுமா? 78.

'பழசு' என்றால் என்ன

ஏடிஆர் 72 முதல்முதலாகப் பறந்தது 1988-ல். ஏ320 அதற்கு முந்தைய வருஷம். வடிவமைப்பு அந்தக் காலத்தது என்பதற்காக நீங்கள் ஏறும் விமானமும் அந்தக் காலத்தது என்று அர்த்தமில்லை. இன்று நம் ஊரில் ஓடுபவை ஏடிஆர் 72-600 என்ற வகை, இது 2011-ல்தான் சேவைக்கு வந்தது. அலையன்ஸ் ஏர் 2014-லும் இண்டிகோ 2017 டிசம்பரிலும் இதை ஓட்ட ஆரம்பித்தன. ஆக, உள்ளே எவ்வளவு அடிபட்ட மாதிரி தெரிந்தாலும் வயசு அதிகம் போனால் பத்துப் பன்னிரண்டுதான். சீட் துணி வெளுத்து, கைப்பிடி தேய்ந்து கிடப்பதற்குக் காரணம், ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை ஆட்கள் ஏறி இறங்குவது.

உங்கள் விமானத்தின் வயசு தெரிய வேண்டுமா? பின்பக்கம் வால் அருகே விடி என்று தொடங்கி மூன்று எழுத்து எழுதியிருக்கும். அதை ஃப்ளைட்ரேடார்24 போன்ற ஆப்பில் போட்டுத் தேடினால் விமானத்தின் விவரமும் அன்றைக்கு அது எங்கெல்லாம் போய் வந்தது என்பதும் வந்துவிடும். வயசைவிட இந்த இரண்டாவது விஷயம்தான் உபயோகம், அதற்கு அப்புறம் வருகிறேன்.

பயம் வயசை வைத்து வருவதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். விமானத்தின் உடம்பு தேய்வது வருஷக் கணக்கில் மட்டுமல்ல. ஒவ்வொரு முறை மேலே போய்க் கீழே வரும்போதும் உள்ளே காற்றழுத்தம் ஏறி இறங்குகிறது. அந்தச் சுற்றுகளின் எண்ணிக்கைதான் பெரிய கணக்கு. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737-200 ஒன்று, குட்டிக் குட்டித் தீவுகளுக்கு நடுவே 89,680 சுற்றுப் பறந்திருந்த விமானம், நடுவானில் கூரையின் ஒரு பெரிய பகுதியை இழந்தது. ஒரு விமானப் பணிப்பெண் இறந்தார், விமானத்தை எப்படியோ தரையிறக்கிவிட்டார்கள். அதன் பிறகுதான் பழைய விமானங்களை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதற்கு உலகம் முழுக்க விதிகள் இறுகின. இன்றைக்கு ஏ செக், சி செக் என்று படிப்படியாக, பெரிய செக்கில் உள் பலகைகளையெல்லாம் கழற்றிப் பார்க்கிறார்கள். அது முடியாமல் விமானம் பறக்க அனுமதி கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2023-லிருந்து பிராட் அண்ட் விட்னி எஞ்சின் கோளாறால் புத்தம்புதிய ஏ320 நியோக்கள் (புது வகை எஞ்சின் போட்ட ஏ320-கள்) ஏராளமாகத் தரையில் நின்றன. அந்த இடத்தை நிரப்ப நம் நாட்டு நிறுவனங்கள் குத்தகைக்கு எடுத்துக்கொண்டு வந்தது எதை? பழைய எஞ்சின் போட்ட பழைய ஏ320-களைத்தான்.

சீட்: காசு கொடுத்து முன்னால் உட்காராதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் மனதில் நின்றால் போதும் என்றால் அது இதுதான். ஏடிஆரில் பயணிகள் ஏறும் கதவு பின்னால் இருக்கிறது. முன்பக்கம், பைலட் அறைக்கும் முதல் வரிசைக்கும் நடுவில், பெட்டிகள் வைக்கும் அறை. ஆனால் ஜெட்டில் முன் சீட் என்றால் சீக்கிரம் இறங்கலாம் என்ற பழக்கத்தில் பலரும் இதிலும் முன் வரிசைக்குக் கூடுதல் காசு கட்டுகிறார்கள். விளைவு, கடைசியாக இறங்குகிறார்கள். அதோடு போகவில்லை. காற்றாடி சுற்றுவதும் முன் பாதியில்தான், இறக்கைக்குக் கொஞ்சம் முன்னால். அதற்கு நேராக இருக்கும் வரிசைகளில் இரைச்சல் மட்டுமல்ல, கால் வைத்திருக்கும் தரையும் கைப்பிடியும் சேர்ந்து அதிரும். போனை மேசைமேல் வைத்தால் தானாக நகர்வதைப் பார்க்கலாம்.

அதனால் பின் பாதியில் எடுங்கள். கடைசியிலிருந்து நாலைந்தாவது வரிசை என் தேர்வு. இரைச்சல் குறைவு, சீக்கிரம் இறங்கலாம், ஜன்னலுக்குக் கீழே தரை முழுசாகத் தெரியும். அதற்கும் பின்னால் வேண்டாம் என்று சொல்வதற்கு இரண்டு காரணம். கழிவறை பின்னால்தான், ஆட்கள் வரிசையில் நின்றால் உங்கள் தோளில்தான் இடிப்பார்கள். அப்புறம் ஆட்டம் வந்தால் வால் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் இறக்கைக்கு நேராக உட்காருவது நல்லது, இரைச்சலைக் காதில் எதையாவது மாட்டிச் சமாளித்துக்கொள்ளலாம்.

சீட்டுகள் இரண்டு இரண்டாக இருக்கும், நடு சீட் என்ற தண்டனை கிடையாது. இதற்காகவே ஏடிஆரை எனக்குப் பிடிக்கும்.

ஜன்னல் சீட்டுக்கு இன்னொரு லாபம். இறக்கை தலைக்கு மேலே போவதால் எந்த வரிசையில் இருந்தாலும் கீழே பார்ப்பதை இறக்கை மறைக்காது. ஏ320-ல் நடு வரிசைகளில் உட்கார்ந்தால் இறக்கையைத் தவிர ஒன்றும் தெரியாது. ஏடிஆர் 25,000 அடிக்கு மேல் போகாது, குட்டிப் பயணங்களில் அதற்கும் கீழேதான். சென்னையிலிருந்து தெற்கே போகும்போது வானம் தெளிவாக இருந்தால் ஏரிகள், தென்னந்தோப்புகள், ரயில் பாதை எல்லாம் அடையாளம் தெரியும் உயரம். காலை ஃப்ளைட்டில் தெற்கே போகிறவர்கள் வெயில் முகத்தில் அடிக்காமல் இருக்க வலப்பக்கம் உட்காருங்கள், கடற்கரை பார்க்கும் ஆசை இருந்தால் வெயிலைப் பொறுத்துக்கொண்டு இடப்பக்கம். நடுப்பகுதி ஜன்னல்களில் உட்கார்ந்தால் சக்கரம் மடங்கி விமானத்தின் வயிற்றுப் பக்கம் போவதையும், இறங்கும்போது வெளியே வந்து ரன்வேயில் தொட்டுப் புகை கிளம்புவதையும் நேராகப் பார்க்கலாம். குழந்தைகளோடு போனால் அந்த இடத்தைப் பிடியுங்கள், அழுகையே இருக்காது.

படம் எடுக்க நினைப்பவர்கள் கவனிக்க: பழைய விமான ஜன்னலில் உள்பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் தகடு கீறல் விழுந்து மங்கிப் போயிருக்கும். அது வெறும் காப்புத் தகடு, அழுத்தத்தைத் தாங்குவது வெளியே இருக்கும் கனமான அடுக்கு, கீறலைப் பார்த்துப் பதற வேண்டாம். போனை அந்தத் தகட்டை ஒட்டிப் பிடித்தால் கீறல் படத்தில் விழாது. ஆனால் தகட்டில் அழுத்தாதீர்கள், அதிர்வு கைக்கு வந்து படம் கலங்கிவிடும்.

சீட் காலியாக இருக்கிறதே என்று ஏறியதும் இடம் மாறி உட்காரும் பழக்கத்தை இதில் விட்டுவிடுங்கள். சின்ன விமானத்தில் எடை எங்கே இருக்கிறது என்பது கணக்குப் போட்டு எழுதப்படுகிறது. கூட்டம் குறைவான நாளில் பணிப்பெண்ணே வந்து, "நாலு பேர் பின்னால் வாங்க" என்றோ "முன்னால் போங்க" என்றோ கேட்பார். "நான் காசு கொடுத்து வாங்கின சீட்டு" என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். போய் உட்காருங்கள். கட்டின சீட் காசை அப்புறம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பெட்டி

கைப்பெட்டிக்கு 7 கிலோ என்று பொதுவாகச் சொல்வார்கள், சின்ன விமானத்தில் அதற்கும் குறைவாக வைத்திருக்கும் நிறுவனம் உண்டு, டிக்கெட்டில் பாருங்கள். எடையைவிட அளவுதான் பிரச்சினை. ஏடிஆரில் தலைக்கு மேல் இருக்கும் தட்டு குட்டையானது. நான்கு சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி, ஏ320-ல் அழகாக உட்காரும் அதே பெட்டி, இதில் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். முதுகில் மாட்டும் துணிப்பை என்றால் கவலையே இல்லை, அமுக்கி வைத்துவிடலாம், இல்லையென்றால் காலடியில்.

உங்கள் பெட்டி உள்ளே போகாது என்று தெரிந்தால் கேட்டிலோ படிக்கட்டு அருகிலோ வாங்கி ஒரு அடையாள அட்டையைக் கட்டிச் சரக்கு அறையில் ஏற்றிவிடுவார்கள். அந்த நேரத்தில் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு: பவர் பேங்கை வெளியே எடுங்கள். பவர் பேங்க், கழற்றிய பேட்டரி எதுவும் சரக்கு அறைக்குப் போகக்கூடாது. கூடவே மருந்து, வீட்டுச் சாவி, நகை, லேப்டாப். இதையெல்லாம் ஒரு சின்னத் துணிப்பையில் தனியாகப் போட்டுக் கைப்பெட்டிக்குள்ளேயே மேலாக வைத்திருந்தால் படிக்கட்டில் நின்று பெட்டியைப் பிரித்துக் குடைய வேண்டியதில்லை. பின்னால் பஸ்ஸில் வந்தவர்களும் உங்களைத் திட்ட மாட்டார்கள்.

ஏறும்போது

ஏடிஆருக்குப் பெரும்பாலும் ஏரோபிரிட்ஜ், அதாவது கட்டிடத்திலிருந்து நேராக விமானக் கதவுக்குப் போகும் பாலம், கிடையாது. சென்னையில் பஸ், சின்ன ஊர்களில் நடை. மழைக் காலத்தில் குடையை அவர்களே தருவார்கள். வெயிலில் தொப்பி போட்டவர்கள் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள், தரையில் கோடு போட்ட வழியை விட்டு விலகிப் படம் எடுக்கப் போகாதீர்கள். காற்றாடி நின்றுகொண்டிருந்தாலும் அதன் பக்கம் போகக்கூடாது.

வயதான அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஜெட்டுக்கு வைக்கும் உயரமான ஏணிப் படிக்கட்டோடு பார்த்தால், ஏடிஆரின் கதவிலேயே இருக்கும் படிகள் மிகக் குறைவு. முட்டி வலிக்காரர்கள்கூட மெதுவாக ஏறிவிடலாம். ஆனால் படி குறுகலானது, கையில் பை வைத்துக்கொண்டு அவர்களைப் பிடித்து ஏற்ற முடியாது, பையை வேறு யாரிடமாவது கொடுங்கள். வீல்சேர் வேண்டுமானால் டிக்கெட் போடும்போதே குறிப்பிட்டுவிடுங்கள். உள்ளே போனதும் உயரமானவர்கள் தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள், நடைபாதையில் உயரம் 1.91 மீட்டர்தான், தட்டுக்கு அடியில் அதைவிடக் குறைவு.

ஏறும்போது வாலுக்கு அடியில் ஒரு கம்பி முட்டுக் கொடுத்து நிற்பதைப் பார்க்கலாம். எல்லோரும் பின் கதவு வழியாக ஏறுவதால் பின்பக்கம் எடை கூடி மூக்கு தூக்கிவிடாமல் இருக்க அது. புறப்படும் முன் எடுத்துவிடுவார்கள்.

இனி சூடு. இதை நேராகவே சொல்லிவிடுகிறேன், சென்னை மே மாதத்தில் தரையில் நிற்கும் ஏடிஆருக்குள் உட்கார்ந்திருப்பது கொடுமை. ஜெட் விமானங்களின் வாலில், தரையில் நிற்கும்போது ஏசிக்கும் கரண்டுக்கும் என்றே ஒரு குட்டி எஞ்சின் இருக்கும். ஏடிஆரில் அது இல்லை. அதற்குப் பதிலாக வலப்பக்க எஞ்சினை ஓட்டி, அதன் காற்றாடியை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி வைப்பார்கள். ஹோட்டல் மோட் என்று அதற்குப் பேர். அதனால்தான் சில நேரம் எஞ்சின் கத்துகிறது, காற்றாடி அசையாமல் நிற்கிறது. எஞ்சின் கெட்டுப் போச்சு என்று பக்கத்து சீட்டுக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். அந்த மோடில் ஏசி ஓரளவுக்குத்தான் வரும், அதுவும் எல்லா நேரமும் ஓட்ட மாட்டார்கள். மேலே இருக்கும் காற்றுத் துளையை முழுக்கத் திறந்து முகத்துக்கு நேராகத் திருப்பி வையுங்கள், பருத்திச் சட்டை போடுங்கள், கைக்குட்டையும் தண்ணீர் பாட்டிலும் தட்டில் வைக்காமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பிப் பத்து நிமிஷத்தில் குளிர் வந்துவிடும்.

சத்தங்கள்

பழைய விமானத்தில் பயம் வருவது கண்ணால் இல்லை, காதால். எது இயல்பு என்று முன்பே தெரிந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஏடிஆர் கிளம்பி மேலே போன ஒன்றிரண்டு நிமிஷத்தில் இரைச்சல் சட்டென்று குறையும். வயிற்றில் ஒரு இறக்கம் வரும். நிறையப் பேர் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பது இந்த இடத்தில்தான். நடந்தது இவ்வளவுதான்: தரையை விட்டுக் கிளம்ப 100 சதவீதத்தில் சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியை 82 சதவீதத்துக்குக் குறைக்கிறார்கள். ஒவ்வொரு பயணத்திலும் நடப்பது. இறங்கும்போது இதற்கு நேரெதிர். சக்கரம் தொட்ட உடனே காற்றாடி இறக்கையின் கோணம் மாறி உறுமல் ஒன்று எழும், உடம்பு முன்னால் சாயும். ரன்வே சின்னது என்றால் உறுமல் பெரிது.

பறக்கும்போது 'ம்ம்ம்' என்று ஏறி இறங்கும் ஓசை கேட்டால், இரண்டு காற்றாடிகளின் வேகத்தில் இருக்கும் மயிரிழை வித்தியாசம் அது. கொஞ்ச நேரத்தில் சரியாகும், சில விமானத்தில் கடைசிவரை ஆகாது. இந்த இரைச்சலுக்குச் சத்தம் தடுக்கும் ஹெட்போன் அற்புதமாக வேலை செய்யும், ஏனென்றால் அது தாழ்ந்த, மாறாத ஓசை. பேச்சுக்குரலை அவ்வளவாகத் தடுக்காத அதே ஹெட்போன் காற்றாடியைக் கிட்டத்தட்ட மறைத்துவிடும். அது இல்லாதவர்கள் மெடிக்கலில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய ஏ320-க்கு வந்தால் அதன் புகழ்பெற்ற ஓசை கீழே தரையில் நாய் குரைப்பது. வவ், வவ், வவ் என்று காலடியில் கேட்கும், பெரும்பாலும் புறப்படும் முன் எஞ்சின்களை ஒவ்வொன்றாகக் கிளப்பும்போதும், இறங்கியபின் ஒரு எஞ்சினை அணைத்துவிட்டு ஓடும்போதும். சரக்கறையில் நாய் மாட்டிக்கொண்டது என்று ஒரு பெரியவர் பெல்லை அடித்துப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டதை நேரில் பார்த்தேன், அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கம் சொன்னார். ஏ320-ல் சக்கரம், ஃபிளாப் போன்றவற்றை எண்ணெய் அழுத்தத்தால் இயக்கும் ஹைட்ராலிக் அமைப்புகள் மூன்று. அவற்றில் இரண்டு ஜோடி, ஒன்றில் அழுத்தம் குறையும்போது மற்றது அதற்கு உதவி செய்கிறது, அந்தக் கருவி வேலை செய்யும் ஓசைதான் அது. புது ஏ320-யிலும் உண்டு.

கிளம்பிய உடனே 'டொம்' என்றால் சக்கரம் மடங்கிக் கதவு சாத்துகிறது. இறங்கும்முன் இறக்கைப் பக்கம் நீளமாக ஊளையிடும் ஓசை, ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் நீளும் தகடு) வெளியே வருகிறது. தட்டும் பலகையும் கிறீச்சிடுவது பிளாஸ்டிக் வயசானதால், விமானத்தின் உடம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கண்ணில் படுபவையும் சில உண்டு. கடற்கரை ஊர் ஈரக் காற்றில் ஏசியை முழு வேகத்தில் போட்டால் மேலிருந்து வெள்ளைப் புகை கொட்டும். முதல்முறை பார்க்கிறவர் எழுந்து நின்றுவிடுவார். முகர்ந்து பாருங்கள், வாசனை இருக்காது, குளிர்ந்த நீராவி. அதே ஈரம் பலகைக்குப் பின்னால் தங்கி, விமானம் மேலேறும்போது தலையில் நாலு சொட்டு விழுவதும் உண்டு, டிஷ்யூ கேட்டு வாங்கி அடைத்துவிடுவார்கள். இறக்கையில் வெள்ளி நிற டேப் ஒட்டியிருந்தால் அது கடையில் வாங்கும் டேப் இல்லை, இதற்கென்றே அனுமதிக்கப்பட்ட அலுமினிய டேப், சின்ன ஒட்டுவேலைக்கு மட்டும் ஒட்டுவது. ஏடிஆர் வாலின் முன்விளிம்பில் கறுப்பு ரப்பர் பட்டை தெரியும், கிழிந்த பெயின்ட் என்று நினைக்க வேண்டாம். பனி படிந்தால் காற்றால் உப்பி அதை உடைத்துத் தள்ளுவது அது.

பதற வேண்டியது எப்போது? எரியும் வாசனை வந்தால், உண்மையான புகை தெரிந்தால், சீட் பெல்ட் பூட்டு விழவில்லை என்றால். உடனே பெல்லை அடியுங்கள், கூச்சமே வேண்டாம்.

ஆட்டமும் நேரமும்

ஜெட் மேகத்துக்கு மேலே ஏறித் தப்பிவிடும், ஏடிஆருக்கு அந்த உயரம் இல்லை. மேகத்துக்குள்ளேயே போக வேண்டிவரும், அல்லது சுற்றிப் போவார்கள். கோடை மதியத்தில் தரைச் சூடு மேலே கிளம்பும் நேரம் ஆட்டம் அதிகம். ஆகவே முடிந்தவரை காலை முதல் ஃப்ளைட். ஆட்டம் குறைவு என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி தாமதம். ஒரே விமானம் நாள் முழுக்க ஊர் ஊராகப் போய் வருகிறது, காலையில் எங்கோ நாற்பது நிமிஷம் தாமதமானால் சாயங்காலம் உங்களிடம் வரும்போது அது இரண்டு மணி நேரமாக வளர்ந்திருக்கும். மேலே சொன்ன ஆப்பில் உங்கள் விமானம் இப்போது எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு வீட்டிலிருந்து கிளம்பலாம். ஆனால் கவுன்டர் மூடும் நேரத்தை மட்டும் நம்பி விளையாடாதீர்கள், விமானம் தாமதம் என்றாலும் கவுன்டர் சொன்ன நேரத்துக்கு மூடலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே போகிறவர்கள் ஒன்றை எதிர்பார்த்தே கிளம்புங்கள். மழையில் ரன்வே தெரியவில்லை என்றால் சின்ன ஊர் விமான நிலையத்தில் இறங்காமல் மதுரைக்கோ திருச்சிக்கோ திருப்பி விடுவதுண்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதும் உண்டு. கல்யாணம், பரீட்சை, கோர்ட் என்றால் முந்தின நாளே போய்விடுங்கள். சென்னையில் மாறி வேறு ஃப்ளைட் பிடிக்க வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே டிக்கெட்டில் போடுங்கள். தனித்தனியாகப் போட்டால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

காது அடைப்புக்கு: இறங்க ஆரம்பிக்கும்போதே விழுங்கத் தொடங்குங்கள், மிட்டாயோ சூயிங்கமோ. குழந்தைக்குப் பால் கொடுக்க அதுதான் நேரம். சளி பிடித்திருந்தால் கிளம்புவதற்கு முன்பே மூக்கடைப்புச் சொட்டு மருந்து பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சீட் உடைந்திருந்தால், ஃப்ளைட் கெட்டால்

உட்கார்ந்த உடனே மூன்றைச் சோதியுங்கள்: பெல்ட் பூட்டு, சீட் முதுகு நிமிர்ந்து நிற்கிறதா, மேசை மூடி நிற்கிறதா. சாயாத சீட்டோடு பறக்கலாம், நிமிராத சீட்டோடு பறக்கக்கூடாது. பெல்ட் பூட்டவில்லை என்றால் அந்த சீட்டில் உட்காரவே கூடாது. கதவு சாத்துவதற்கு முன்பே சொல்லிவிட்டால் வேறு இடம் தருவார்கள், பறந்தபின் சொன்னால் 'குறித்துக்கொள்கிறோம்' என்பதோடு முடியும். ஒருமுறை எனக்கு வாய்த்த சீட்டின் மேசை, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் விழுந்து முட்டியில் இடித்தது. பணிப்பெண் பிளாஸ்டிக் டேப்பால் ஒட்டிவிட்டுப் போனார். நான் படம் எடுத்து, ஃப்ளைட் எண்ணையும் வரிசை எண்ணையும் போட்டு நிறுவனத்துக்கு மெயில் அனுப்பினேன். கட்டியிருந்த சீட் காசு திரும்பி வந்தது. படம் இல்லாமல் எழுதியிருந்தால் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

தாமதத்துக்கும் ரத்துக்கும் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் விதி தெளிவாக இருக்கிறது, கவுன்டரில் இருப்பவர் தானாகச் சொல்ல மாட்டார். இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும் பயணம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு, சிற்றுண்டி தர வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் வேறு ஃப்ளைட் அல்லது முழுப் பணம், தேர்வு உங்களுடையது. சரியாகச் சொல்லாமல் ரத்து செய்தால் இதற்கு மேல் இழப்பீடும் உண்டு: ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயணத்துக்கு 5,000 ரூபாய் வரை, இரண்டு மணி நேரம்வரை 7,500, அதற்கு மேல் 10,000. இதில் ஒரு சிக்கல், அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து அந்தத் தொகையைவிடக் குறைவு என்றால் குறைந்ததுதான் கிடைக்கும். மழை, புயல் போன்ற அவர்கள் கையில் இல்லாத காரணத்துக்கு இழப்பீடு கிடையாது. அதனால் என்ன காரணம் என்று எழுத்தில் கேளுங்கள், குறைந்தது எஸ்எம்எஸ்ஸிலாவது. 'ஆபரேஷனல் ரீசன்ஸ்' என்று வந்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, முதலில் நிறுவனத்துக்கு மெயில், பதில் வரவில்லை என்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார். போர்டிங் பாஸை ஊர் வந்ததும் குப்பையில் போட்டுவிடாதீர்கள், புகாரில் முதலில் கேட்பது அதைத்தான்.